இரண்டு விடுதிகள், இரண்டு தலையெழுத்து

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் மும்பைத் தமிழர்களாகிய நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் 'கேட்வே ஆப் இந்தியா'. அங்கே நின்று, பின்னால் தாஜ் ஹோட்டல் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை. கேட்வே பழமையானது, அதற்கு எதிரே பிற்காலத்தில் ஹோட்டல் வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. தாஜ் திறக்கப்பட்டது 1903 டிசம்பர் 16ஆம் நாள். கேட்வேக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1911இல். கட்டி முடிந்து திறக்கப்பட்டது 1924இல். கடல் வழியே பம்பாய்க்கு வந்தவர்களை முதல் இருபது ஆண்டுகள் வரவேற்றது தாஜின் குவிமாடம்தான்.

அந்த இடத்திலிருந்து வடக்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் காலா கோடா வந்துவிடும். ஜஹாங்கீர் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு பல்கலைக்கழகக் கட்டடத்தின் பக்கம் திரும்புகிறவர்கள் அங்கே இரும்புத் தூண்களும் நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட ஒரு பழைய கட்டடத்தைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். எஸ்பிளனேடு மான்ஷன் என்பது அதன் பிற்காலப் பெயர். ஒரு காலத்தில் அதுதான் பம்பாயின் தலைசிறந்த விடுதியான வாட்சன்ஸ் ஹோட்டல். தாஜுக்கு முப்பத்திரண்டு ஆண்டு மூத்தது.

கோட்டைப் பகுதியில் வேலை பார்த்த ஆண்டுகளில் இந்த இரண்டு கட்டடங்களையும் நான் அடிக்கடி கடந்து சென்றிருக்கிறேன். ஒரே நகரம், ஒரே கடற்காற்று, ஒரே மழை. ஆனால் ஒன்று உலகப் புகழுடன் ஒளிர்கிறது. மற்றொன்று இடித்துவிடலாம் என்று நிபுணர்களே அறிக்கை தரும் நிலைக்குப் போனது. ஏன் இப்படி? பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிற எவரும் விடை தேட வேண்டிய கேள்வி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்பலில் வந்த கட்டடம்

1860களில் பம்பாய் பணத்தில் புரண்டது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்ததால், அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி போவது நின்றது. அந்த இடத்தை இந்தியப் பருத்தி பிடித்தது. அதே காலத்தில் கவர்னர் பார்ட்டில் பிரேர் பழைய கோட்டைச் சுவர்களை இடிக்கச் செய்தார். அதனால் கிடைத்த வெற்றிடங்களில்தான் இன்று நாம் காணும் பெரிய கட்டடங்கள் பலவும் எழுந்தன.

அப்போது இந்த நகரில் துணிக்கடை நடத்திவந்த ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு மனை வாங்கினார். கட்டடத்தை வடிவமைக்க ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளரை அமர்த்தினார். ஆர்டிஷ் சாதாரண ஆள் அல்ல. லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பெரும் இரும்புக் கூரையில் அவருடைய பங்கு உண்டு. தேம்ஸ் நதியின் மேல் 1873இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் பாலமும் அவர் வடிவமைத்ததே.

வாட்சன் கட்டடத்தின் சிறப்பு அதன் எலும்புக்கூட்டில் இருக்கிறது. அந்த நாட்களில் பெரிய கட்டடம் என்றால் கனமான சுவர்களே பாரத்தைத் தாங்கும். மாடிகள் கூடக் கூட கீழே சுவரின் தடிமனும் கூடும். ஆர்டிஷ் செய்தது வேறு. வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த ஒரு சட்டகம்தான் முழுப் பாரத்தையும் சுமந்தது. நடுவே இருந்த செங்கல் வெறும் அடைப்புதான். இரும்புப் பாகங்கள் எல்லாம் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு, 1867க்கும் 1869க்கும் இடையே இங்கே பொருத்தப்பட்டன. இன்று நாம் காணும் வானளாவிய கட்டடங்களின் அடிப்படைத் தத்துவமும் இதுதான்: சட்டகம் தாங்கும், சுவர் மறைக்கும். இந்தியாவில் எஞ்சியிருக்கும் வார்ப்பிரும்புக் கட்டடங்களில் இதுவே மிகப் பழமையானது என்று சொல்லப்படுகிறது.

1871இல் விடுதி திறக்கப்பட்டது. ஐந்து மாடிகள், நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், கண்ணாடிக் கூரையின் கீழ் வெளிச்சம் நிறைந்த நடுக்கூடம், ஒவ்வொரு மாடியையும் சுற்றி ஓடும் தாழ்வாரங்கள். பரிமாறுவதற்கு இங்கிலாந்திலிருந்தே பெண்களை வரவழைத்தாராம் வாட்சன்.

1896: ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இந்த விடுதியில் தங்கினார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர் ரசித்தது நம் ஊர்க் காக்கைகளை. அவற்றின் துணிச்சலையும் ஓயாத பேச்சையும் தம் பயண நூலில் வேடிக்கையாக வர்ணித்திருக்கிறார்.

அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நடந்ததோ அதைவிடப் பெரிய செய்தி. லூமியேர் சகோதரர்களின் 'சினிமட்டோகிராப்' இந்தியாவில் முதன்முதலாக இங்கேதான் காட்டப்பட்டது. பாரிஸ் நகரில் அவர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டி அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவர்களின் பிரதிநிதி மரியஸ் செஸ்டியே கொண்டுவந்த ஆறு குறும்படங்கள் திரையிடப்பட்டன. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். வாட்சனில் நடந்த காட்சிகள் ஐரோப்பியர்களுக்கானவை. ஒரு வாரம் கழித்து நாவல்டி தியேட்டருக்கு மாறிய பிறகே நம்மவர்கள் பார்க்க முடிந்தது.

அந்த ஆறு படங்களில் ஒன்று, ஒரு சுவரை இடித்துத் தள்ளும் காட்சி. இந்தக் கட்டடத்துக்குப் பின்னாளில் வந்த கதியை நினைக்கும்போது, அந்தப் படத்தின் பெயர் ஒரு கெட்ட சகுனம்போல் மனத்தில் தைக்கிறது. சினிமாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தமிழர்களாகிய நமக்கு, இந்த மண்ணில் அது பிறந்த அறை இருந்த கட்டடம் எது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

தாஜ் எழுந்த விதம்

தாஜைப் பற்றி இரண்டு கதைகள் எல்லோர் வாயிலும் உலவுகின்றன. ஒன்று, ஜாம்ஷெட்ஜி டாடாவை இந்தியர் என்பதால் வாட்சனில் நுழைய விடவில்லை. அந்த அவமானத்தால் அவர் தாஜைக் கட்டினார் என்பது. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. 1896இல் தொடங்கிய பிளேக் நோயால் பம்பாய் பெயரிழந்து கிடந்தது. தாம் வாழ்ந்த நகரம் மறுபடி தலைநிமிர வேண்டும் என்ற விருப்பமே அவரைத் தூண்டியது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே அவர் குணத்தோடு பொருந்துவதாகப் படுகிறது.

மற்றொரு கதை, கட்டடத்தை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைக் கண்ட ஆங்கிலேயக் கலைஞர் தற்கொலை செய்துகொண்டார் என்பது. இது முழுக் கற்பனை. தாஜை முதலில் வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்ஸா என்ற இரண்டு இந்தியர்கள். வேலை முடியும் முன்பே வைத்யா காலமானார். டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் மீதியை முடித்தார். அந்த நாளில் வாசல் நகரத்தின் பக்கம் இருந்தது. கடல் பக்கம் அறைகளுக்குக் காற்று கிடைக்கும்படி விடப்பட்டது. பின்னால் வாசலைக் கடல் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அதைத்தான் 'திருப்பிக் கட்டிய ஹோட்டல்' என்று கதையாக்கிவிட்டார்கள்.

மின்விளக்கு, மின்தூக்கி என்று அன்றைய புதுமைகள் அத்தனையும் அங்கே வந்தன. ஜாம்ஷெட்ஜி தாமே ஐரோப்பாவில் சுற்றிச் சாமான்களைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதன் பெருமையை நெடுநாள் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. திறப்பு விழா நடந்த ஐந்தே மாதத்தில், 1904 மே மாதம் ஜெர்மனியில் அவர் மறைந்தார்.

முதல் உலகப் போரின்போது தாஜ் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாறியது. போர் முடிந்ததும் மறுபடி விடுதியானது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலம் மாறியபோதெல்லாம் கட்டடத்தின் பயன் மாறியது, ஆனால் உரிமையும் பொறுப்பும் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனிதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்திவருகிறது.

அவர்களையும் குறை சொல்ல இடமிருக்கிறது. தாஜுக்குப் பக்கத்தில் கிரீன்ஸ் ஹோட்டல் என்று ஒரு பழைய விடுதி இருந்தது. அதை வாங்கி, இடித்து, அந்த இடத்தில் உயர்ந்த கோபுரக் கட்டடம் ஒன்றை எழுப்பி 1973இல் திறந்தார்கள். ஒரு பழமையைக் காக்கத் தேவையான வருமானத்தை இன்னொரு பழமையை அழித்துத் தேடிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இந்தக் கணக்கு இல்லாமல் தாஜின் கதை முழுமையாகாது.

வாட்சன் சரிந்தது எப்படி?

தாஜ் வந்ததால் வாட்சன் படுத்துவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். போட்டியில் தோற்ற விடுதி மூடப்படலாம்; கட்டடம் ஏன் சிதைய வேண்டும்?

விடுதி மூடப்பட்டபின் அந்தப் பெரிய அறைகள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. பக்கத்திலேயே நீதிமன்றம் இருந்ததால் வழக்கறிஞர்கள் பலர் அங்கே அலுவலகம் வைத்தார்கள். சிறு கடைகள் வந்தன, குடும்பங்களும் இருந்தன. ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க நானும் அங்கே ஒருமுறை ஏறியிருக்கிறேன். தேய்ந்துபோன மரப்படிகள், தலைக்கு மேல் கொடிபோல் பின்னிக் கிடந்த மின்கம்பிகள், கண்ணாடிக் கூரையின் கீழ் விருந்து நடந்த நடுக்கூடத்தில் குப்பை. ஆனால் அந்த இரும்புத் தூண்களின் மேல்முனை வேலைப்பாடு மட்டும், பல அடுக்குச் சாயத்தின் கீழும் அழகு குறையாமல் தெரிந்தது.

இந்த நிலைக்கு முக்கியமான காரணம் வாடகைக் கணக்கு. 1947இல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940இல் இருந்த அளவிலேயே நிறுத்தியது. போர்க்காலத்தில் வீட்டுக்காரர்களின் பேராசையிலிருந்து குடியிருப்போரைக் காக்க எழுந்த நல்ல எண்ணம் அது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் விலைவாசி ஏற ஏற, வாடகை மட்டும் அசையவில்லை. பகடி கொடுத்து இடம் பிடித்த கதைகள் மாட்டுங்கா, சயான் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாத வாடகை மொத்தமும் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குக் காணாது என்றால், எந்த உரிமையாளர் கூரையைச் செப்பனிடுவார்? குடியிருப்பவரோ, கட்டடம் தமதல்ல என்று இருந்துவிடுவார். பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்புக்கென்று 1969இல் தனிச் சட்டமும் வாரியமும் வந்தன. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் வரிசையில் நிற்க, வார்ப்பிரும்பின் நுணுக்கத்தைக் கவனிக்க யாருக்கு நேரம்?

வார்ப்பிரும்பின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். அழுத்தும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். இழுவிசையையும் அதிர்ச்சியையும் தாங்காது, வளையாமல் சட்டென்று உடையும். கூடுதல் தடுப்புகளும் பரண்களும் தண்ணீர்த் தொட்டிகளும் ஏற்றினால், ஆர்டிஷ் கணக்கிட்ட பாரம் மாறிவிடுகிறது. குழாய் கசிந்து ஈரம் இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். சுற்றியுள்ள செங்கலை அது நெம்பித் தள்ளும், விரிசல் விழும், விரிசல் வழியே மேலும் மழை இறங்கும். இப்படிச் சக்கரம் சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

1995இல் பம்பாய்க்கு மரபுக் கட்டடப் பாதுகாப்பு விதிகள் வந்தன. நாட்டிலேயே ஒரு நகரத்துக்கு இப்படிப்பட்ட விதிகள் வந்தது அதுவே முதல்முறை. வாட்சனும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் 2005 ஜூலையில் தாழ்வாரத்தின் ஒரு பகுதி தெருவில் இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். உலக நினைவுச்சின்ன நிதியம், அழியும் ஆபத்திலுள்ள 100 இடங்கள் கொண்ட தனது 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2018இல் இந்த வட்டாரத்தின் விக்டோரியா காலக் கட்டடங்களையும் கடற்கரையோர 'ஆர்ட் டெகோ' கட்டடங்களையும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2019இல், உயிருக்கு ஆபத்து என்று வாட்சன் கட்டடத்தில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். செப்பனிட முடியாத நிலை, இடித்துவிடலாம் என்று மும்பை ஐ.ஐ.டி. அறிக்கை தந்தது. மரபுக் கட்டட வல்லுநர்கள், காப்பாற்ற முடியும் என்று மறுத்து வாதாடினார்கள்.

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். சட்டம் 'இடிக்காதே' என்று சொல்லும். 'இந்தா, செப்பனிடப் பணம்' என்று சொல்லாது. வாட்சன் நமக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் இது.

தாஜுக்கு வந்த சோதனை

2008 நவம்பர் 26 இரவு தாஜுக்கும் பேரிடி விழுந்தது. பயங்கரவாதிகளின் தாக்குதல் 29ஆம் தேதி காலைதான் ஓய்ந்தது. விருந்தினரைக் காக்கத் தங்கள் உயிரைக் கொடுத்த ஊழியர்களை நினைத்தால் இன்றும் கண் கலங்கும். குவிமாடத்தைச் சுற்றிய மேல்மாடிகள் தீயில் எரிந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

குவிமாடமும் அதன் கீழுள்ள பெரிய படிக்கட்டும் தப்பின. கோபுரப் பகுதி ஒரே மாதத்துக்குள், டிசம்பர் 21ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய அரண்மனைப் பகுதிக்கோ பொறுமை தேவைப்பட்டது. கரி படிந்த கல், தீயணைப்பு நீரில் ஊறிய சுவர், கருகிய மரவேலை, சேதமான ஓவியங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம். ஏறத்தாழ 21 மாதங்களுக்குப் பின், 2010 ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தன்று அது மீண்டும் திறக்கப்பட்டது.

ஐந்து நிமிடத்தில் நேர்ந்த சேதமோ ஐம்பது ஆண்டில் நேர்ந்த சேதமோ, கட்டடத்துக்கு வேறுபாடு இல்லை. அடுத்த நாள் காலையில் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. தாஜுக்கு இருந்தார்கள்.

கல்கத்தா காட்டிய வழி

எல்லாக் கட்டடத்துக்கும் டாடா கிடைக்க மாட்டாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலைப் பார்க்க வேண்டும். டேவிட் வில்சன் என்ற ரொட்டிக்கடைக்காரர் 1840களின் தொடக்கத்தில் 'ஆக்லண்ட் ஹோட்டல்' என்று தொடங்கியது அது. தாஜுக்கும் வாட்சனுக்கும் மூத்தது. நாடு விடுதலை பெற்றபின் மெல்ல நொடித்து, 1970களில் மேற்கு வங்க அரசின் கைக்குப் போனது. 2005இல் அரசு அதைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. ஊழியர் பலர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினார்கள். பழைய பகுதிகளைச் செப்பனிட்டு, புதிய பகுதியும் சேர்த்து, 2013இல் திறந்தார்கள்.

எல்லாம் அப்படியே இருக்கிறதா? இல்லை. பழைய வாடிக்கையாளர் சிலருக்கு அது வேறு இடமாகத் தோன்றலாம். ஆனால் கைவிடப்பட்ட ஒரு விடுதியில் மறுபடி விளக்கெரிகிறது. முழுமையாகக் காப்பதற்கும் முழுமையாக இழப்பதற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதற்கு விலையும் உண்டு.

காப்பது என்றால் என்ன?

இந்த மூன்று விடுதிகளையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இது. பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற மூன்று தேவை: அன்றாடப் பயன், அந்தப் பயனால் வரும் வருமானம், அந்த வருமானத்தைக் கட்டடத்துக்கே திருப்பிச் செலவிடும் கடமை உள்ள ஒருவர். வாட்சனில் பயன் இருந்தது. வருமானம் இல்லை, கடமையும் யாருக்கும் இல்லாமல் போனது. தாஜில் மூன்றும் இருந்தன. கிரேட் ஈஸ்டர்னில் மூன்றும் போய், பிறகு புதிதாக ஏற்படுத்தப்பட்டன.

குடியிருப்போரை எதிரிகளாகப் பார்ப்பதும் சரியல்ல. வாட்சனின் சிறு அறைகளில் பிழைப்பு நடத்தியவர்களின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்காகக் கண்ணீர் விடுவது அழகல்ல. அவர்களுக்கு மாற்று இடமும், உரிமையாளருக்குச் செப்பனிட வழியும், வார்ப்பிரும்பை அறிந்த வல்லுநர்களின் கையும் ஒன்றுசேர வேண்டும். உடைந்த தூணைப் போலவே புதிதாக ஒன்றை வார்த்துப் பொருத்துவது இயலாத காரியம் அல்ல. பாகம் பாகமாகப் பொருத்திய கட்டடம் என்பதே அதற்குச் சாதகம்.

நம் சங்கங்களும் கோயில் சபைகளும் பள்ளிகளும் வெளிமாநிலங்களில் கட்டிய பழைய கட்டடங்கள் ஏராளம். முன்னோர்கள் வயிற்றைக் கட்டி, நன்கொடை திரட்டி எழுப்பியவை. அவற்றின் நூற்றாண்டு விழாவுக்கு மலர் போடுகிறோம், மேடை போடுகிறோம். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, செப்பனிடும் நிதி என்று தனிக் கணக்கு இருக்கிறதா என்று அடுத்த பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டால், இந்தக் கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.